நெல் அவிக்கும் அடுப்பின் புகைக்குழாய்: குழாயைச் சுற்றிய இடைவெளியை அடைக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காலபோக நெல் தை, மாசி மாதங்களில் வீடு வந்து சேருகின்றது. விதைக்கும் விற்பனைக்கும் ஒதுக்கியது போக எஞ்சிய நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் புழுங்கலரிசியாக்கி உண்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். ஆலைகள் பெருகியுள்ள இக்காலத்திலும் தம் வீட்டுத் தேவைக்கான நெல்லைத் தம் வீட்டிலேயே அவிப்போர் உளர். சமையலுக்கும் விறகையே நம்பியிருப்போர் மிகப் பலர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவற்றில் விறகே சமையலுக்குரிய பிரதான எரிபொருளாக இருந்தது.

விறகடுப்புக்குப் புகைக்குழாய் வைத்தல் நல்ல வழக்கமே. ஆயினும் குழாய் வைத்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணுதல் தவறு. குழாயைச் சுவரினூடாகவோ கூரையினூடாகவோ வெளியே விட்ட பின்னர், அதனைச் சுற்றி எஞ்சும் துவாரத்தைப் பலர் கவனியாது விடுகின்றனர். வேறு சிலர் பழஞ்சாக்கையோ தும்பையோ அத்துவாரத்திற் திணித்துவிடுகின்றனர். முன்னையது நட்டந் தருவது. பின்னையது வீட்டையே எரிக்கவல்லது. ஆதலால் இவ்விடைவெளியை முறையாக அடைக்கும் விதத்தைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

புகைக்குழாய் வேலை செய்யும் விதம்

சூடேறிய புகை பாரங் குறைந்தது. 150 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள புகை, அதே கனவளவுள்ள வெளிக்காற்றிலும் நாலிலொரு பங்குக்கு மேல் இலேசாக இருக்கும். எனவே அது குழாயினுள் மேலெழுகின்றது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் புதுக்காற்று அடுப்பு வாயினால் உள்ளே புகுகின்றது. இவ்விழுவையினாலேயே நெருப்பு நன்கு எரிகின்றது. புகையும் குசினியிற் பரவாது வெளியேறுகின்றது.

குழாய் அடுப்போடு சேருமிடத்தில் இடைவெளி இருந்தால், காற்று அடுப்பு வாயினால் வருவதை விட்டு அவ்விடைவெளியினாற் புகும். புகுந்த குளிர்காற்று புகையைக் குளிர்விக்கும். குளிர்ந்த புகை பாரமடைந்து மேலெழத் தயங்கும். முடிவில், விறகு புகைந்து எரியும். புகை அடுப்பு வாயினால் திரும்பி வரும். குளிர்ந்த புகையிலுள்ள ஈரமும் கீலும் குழாயின் உட்புறத்திற் படியும்.

சிறிய இடைவெளிதானே என்று எண்ணலாகாது. நாலங்குல விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு ஏறக்குறையப் பன்னிரண்டரைச் சதுர அங்குலம். அக்குழாயைச் சுற்றிக் காலங்குல இடைவெளி மாத்திரம் இருந்தாலும் அதன் பரப்பு மூன்றேகாற் சதுர அங்குலத்துக்கு மேலாகும். அஃதாவது, குழாய் வாயின் நாலிலொரு பங்குக்கு மேற்பட்ட துவாரமொன்றை நாமே திறந்து வைத்திருப்பதற்குச் சமம்.

இடைவெளியால் விளையும் கேடுகள்

முதலாவது, உடல்நலக் கேடு. வீட்டினுட் பரவும் அடுப்புப் புகை கண்ணெரிச்சலோடு நிற்பதன்று. நுரையீரல் நோய், இருதய நோய், பாரிசவாதம், குழந்தைகளின் சுவாசக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அது காரணமாகின்றது. இத்தகைய வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவருள் 2,37,000 பேருக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. புகையோடு கலந்து வரும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையிற் சேர்ந்தால் உயிரையே போக்கும். நெல் அவிக்கும் நாளில் வீட்டுப் பெண்கள் அதிகாலை தொட்டுப் பல மணி நேரம் அடுப்பண்டையில் நிற்பதால், இக்கேடு அவர்களையும் அவர்களோடிருக்கும் குழந்தைகளையுமே முதலில் தாக்கும்.

இரண்டாவது, தீ விபத்து. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களிற் பனையோலையும் கிடுகும் சருகாய்க் காய்ந்து கிடக்கும். சூடேறிய குழாய் தொட்டாலும், பொறியொன்று விழுந்தாலும் அவை பற்றிக்கொள்ளும். மரமும் நாட்கணக்கில் வெப்பத்தில் இருந்தால் உட்புறங் கருகி, முன்னையிலும் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும் நிலையை அடையும். ஓராண்டு ஒன்றும் நேரவில்லை என்பது மறுவாண்டுக்கு உறுதியாகாது. கூரை எரியும்போது அடுத்த போகத்துக்கென வைத்த விதை நெல்லும் உடன் எரியும் என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது, மழை நீர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை, குழாயைச் சுற்றிய துவாரத்தினால் இறங்கிச் சிலாகையையும் கைமரத்தையும் உக்கச் செய்யும், மண்ணடுப்பைக் கரைக்கும், அருகில் அடுக்கிய நெல் மூடைகளையும் நனைக்கும்.

இருவகை இடைவெளி

இவ்வேலையிற் கருத்தில் இருத்த வேண்டிய முக்கிய விதி ஒன்றுண்டு. புகைக்குழாயைச் சுற்றி இருவகை இடைவெளிகள் உள்ளன. ஒன்று அடைக்கப்பட வேண்டியது. மற்றையது ஒருபோதும் அடைக்கப்படலாகாதது.

அடுப்புக்கும் குழாய்க்கும் இடையிலும், குழாய்த்துண்டுகளின் பொருத்துகளிலும், குழாய்க்கும் கற்சுவருக்கும் இடையிலும் உள்ள இடைவெளிகள் அடைக்கப்பட வேண்டியவை. குழாய்க்கும் மரம், ஓலை, கிடுகு முதலிய எரியும் பொருள்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி பாதுகாப்புக்காக விடப்படுவது. ஒற்றைத் தகட்டாலான இரும்புக் குழாயாயின் இந்த இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றரை அடிக்குக் குறையலாகாது. செங்கல்லாற் கட்டிய புகைக்கூடாயின் மரத்துக்கும் கட்டுக்கும் இடையே இரண்டங்குலம் வெறுமையாக விடல் வேண்டும். இவ்வெறுமையான இடத்தைச் சாந்தாலோ தும்பாலோ நிரப்பினால், வெப்பம் அதனூடாக மரத்தைச் சென்றடையும்.

அடுப்போடு சேருமிடம்

இவ்விடத்திலேயே வெப்பம் மிக அதிகம். ஆதலால் இங்கு சீமெந்துச் சாந்து நில்லாது. சீமெந்து இறுகும்போது தன்னுட் பிணைத்துக்கொண்ட நீரைக் கடுஞ்சூட்டில் இழந்து வெடித்து உதிரும். நம் நாட்டுச் சுண்ணாம்புக்கல்லையும் நெருப்புப் படுமிடத்தில் வைத்தலாகாது. சூளையிற் சுண்ணாம்பு சுடப்படுவதும் அடுப்பிலே அக்கல் வேகுவதும் ஒன்றே. கடுஞ்சூட்டில் நீறாகும் அக்கல், பின்னர் நீர்பட்டவுடன் பொங்கி உடையும். நெருப்புப் படும் பாகங்களுக்குச் செங்கல்லும் களிமண்ணுமே ஏற்றவை.

அடைப்பதற்கான மட்சாந்தைப் பின்வருமாறு தயாரிக்கலாம். புற்றுமண் அல்லது குளத்துக் களி இரண்டு பங்கு, அரித்த மணல் ஒரு பங்கு, உமிச் சாம்பல் ஒரு பங்கு, பசுஞ்சாணம் அரைப் பங்கு எடுத்து நீர்விட்டு மிதித்து, ஓரிரவு புளிக்க விடவும். மறுநாள் அதிற் சிறிது எடுத்து விரற்பருமனில் திரித்து நிழலிற் காயவைத்துப் பார்க்கவும். வெடித்தால் மணல் சேர்க்கவும். உதிர்ந்தால் களி சேர்க்கவும். ஒவ்வோரூரின் மண்ணும் வேறாதலால் இச்சோதனையைத் தவிர்த்தலாகாது.

பழைய சாந்தையும் கரியையும் சுரண்டி நீக்கி, அவ்விடத்தை நனைத்த பின்னர் மட்சாந்தை இடைவெளியின் உட்புறம் வரை செல்லுமாறு குச்சியால் அழுத்தி நிரப்புக. மேலே மாத்திரம் மெழுகிவிடுதல் பயனற்றது. மூன்று நாட்கள் நிழலிற் காய்ந்த பின்னர் சிறு நெருப்பு மூட்டிச் சூடேற்றுக. தோன்றும் சிறு வெடிப்புகளை அதே சாந்தை நீர்த்துப் பூசி மூடலாம்.

நெல் அவிக்கும் கிடாரத்தின் அடிவிளிம்புக்கும் அடுப்பு வாய்க்கும் இடையிலும் இடைவெளி உண்டு. அதனை அடைக்காவிடிற் புகை குழாயை நாடாது கிடாரத்தைச் சுற்றி மேலெழும். நெல்லிலும் புகைமணம் ஏறும். அடுப்பு வாயின்மேல் மட்சாந்தினால் ஒரு வளையம் இட்டு, ஈரம் இருக்கும்போதே கிடாரத்தின் அடியில் எண்ணெய் தடவி அதன்மேல் இருத்தி எடுத்தால், கிடாரம் இறுகப் பொருந்தும் இருக்கை அமையும்.

குழாய்த்துண்டுகளைப் பொருத்தும்போது மேற்குழாயின் கீழ்முனை கீழ்க்குழாயினுள் நுழையுமாறு வைத்தல் வேண்டும். அப்போது குழாயின் உட்புறம் வழியும் கீல் வெளியே ஒழுகாது. நாகம் பூசிய தகரக் குழாயை அடுப்பை ஒட்டிய முதற்றுண்டுக்கு உபயோகியாதீர்கள். நாகம் ஏறக்குறைய 420 பாகையில் உருகும்; மேலும் சூடேறினால் அதன் ஆவி சுவாசத்துக்குத் தீங்கானது. அவ்விடத்துக்குத் தடித்த இரும்புக் குழாயோ சுட்ட மட்குழாயோ தக்கது.

சுவரைக் கடக்குமிடம்

குழாயைச் சுவரில் நேரே வைத்துச் சீமெந்தால் இறுக்கிவிடுதல் பொதுவாகக் காணப்படும் பிழை. இரும்பு சூட்டில் நீளும். ஆறடிக் குழாய் 200 பாகை சூடேறினால் நாலு மில்லிமீற்றருக்கு மேல் நீளும். ஆறினால் மீண்டும் குறுகும். நாள்தோறும் இவ்வாறு நீண்டு குறுகும் குழாயைப் பிடித்து வைத்திருக்கச் சாந்தினால் இயலாது. சாந்து வெடிக்கும், அல்லது குழாய் நெளியும்.

ஆதலாற் குழாய்க்கு ஓர் உறை வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு ஆறங்குல உள்விட்டமுள்ள சுட்ட மட்குழாய் போதும். அது கிடையாவிடின், அடிப்பாகத்தை நீக்கிய மண்முட்டியை உபயோகிக்கலாம். உறையை ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த சாந்தினாற் சுவரோடு இறுக்கிக் கட்டிவிடுக. உறைக்கும் குழாய்க்கும் இடையிற் சுற்றிவர எஞ்சும் ஓரங்குல இடைவெளியைச் சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிற்றினால் இரு முனைகளிலும் சுற்றி அடைக்க வேண்டும். கயிறு கிடையாதபோது உமிச் சாம்பலும் களியும் கலந்து இளக்கமாக அடைக்கலாம். ஆனால் அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் அவசியம்.

குழாய் அடுப்பிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சற்று உயர்ந்து செல்லுமாறு வைக்கப்படுவதால், குழாயில் வழியும் மழைநீர் சுவரை நோக்கி வரும். இதனைத் தடுக்க, சுவரின் வெளிப்புறத்திற் குழாயைச் சுற்றித் தகர வளையமொன்றை இறுகப் பூட்டுதல் வேண்டும்.

கூரையைக் கடக்குமிடம்

ஓட்டுக் கூரை: குழாய் வருமிடத்திற் சுற்றிவர ஒன்றரை அடிக்குள் இருக்கும் சிலாகைகளை வெட்டி, அவற்றின் முனைகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துவிடுக. நாலங்குலக் குழாய்க்கு மூன்றரை அடிச் சதுரத் தகரம் அவ்விடத்தை மூடும். தகரத்தின் மேல்விளிம்பு மேலுள்ள ஓடுகளின் அடியிலும், கீழ்விளிம்பு கீழுள்ள ஓடுகளின் மேலும் இருத்தல் வேண்டும். இம்முறை மாறினால் மழைநீர் முழுவதும் உள்ளே வரும். தகரத்தின் நடுத்துவாரத்தைச் சுற்றி நாலங்குல உயரக் கழுத்தொன்றைப் பற்றவைத்து, அதனூடாகக் குழாயை விடுக. கழுத்துக்கு மேலே குடை போன்ற வளையமொன்றைக் குழாயிற் பூட்டுக. குடை குழாயோடு மாத்திரம் பிணைக்கப்பட்டுக் கழுத்தைத் தொடாதிருந்தால், குழாய் நீண்டு குறுகினாலும் நீர் புகாது.

ஓலை, கிடுகுக் கூரை: இவற்றினூடாக இரும்புக் குழாயை எவ்விதத்திலும் விடலாகாது. எவ்வகை அடைப்பும் இங்கே பாதுகாப்பாகாது. அடுப்புக்கு மேலுள்ள கூரைப்பாகத்தை ஓட்டுக்கு மாற்றுதல் ஒரு வழி. செங்கற் புகைக்கூடு கட்டி, முகட்டுக்கு மேல் ஆறடி உயர்த்துதல் மற்றொரு வழி. இரண்டும் இயலாவிடின், நெல் அவிக்கும் அடுப்பை வீட்டுக்கும் வேலிக்கும் போருக்கும் எட்ட, முற்றத்தில் அமைத்துக்கொள்க.

கல்நார்த் தகட்டுக் கூரை: எல்லாவகைக் கல்நாரும் புற்றுநோய் விளைக்கும் என்பது இன்று உறுதியாக அறியப்பட்ட உண்மை. முற்காலத்திற் புகைக்குழாயாகவும் அடைப்புக் கயிறாகவும் அதனை உபயோகிக்கச் சொல்லிய நூல்கள் உண்டு, அவற்றைப் பின்பற்றாதீர்கள். இத்தகைய கூரையுள்ளோர் அதனை வெட்டியோ துளைத்தோ தூசியெழுப்பாது, குழாயைச் சுவரினூடாக விடுதலே தக்கது.

உபயோகிக்கத் தகாத பொருள்கள்

சாக்கு, பழந்துணி, தும்பு, பன்னாடை, கடதாசி ஆகியவை எரியும். கடைகளிற் தகரக் குப்பிகளில் விற்கப்படும் நுரை அடைப்பானும் எரிந்து நச்சுப் புகை விடும். சாதாரண சிலிக்கன் பசை கடுஞ்சூட்டிற் கெட்டுவிடும். அதனைக் குழாயின் சூடு எட்டாத தகர ஓரங்களுக்கு மாத்திரம் பூசலாம்.

சோதிக்கும் முறை

அடுப்பு எரியும்போது ஊதுவத்தியொன்றைக் கொளுத்திப் பொருத்துகளின் அருகே மெல்ல நகர்த்துக. வத்தியின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் அவ்விடத்திற் துவாரம் உண்டு. வெளியே தள்ளப்பட்டால் அடுப்புப் புகை அவ்வழியே கசிகின்றது. குழாயில் அடைப்பு இருக்கலாம். கூரையை நண்பகலில் உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் மழை வரும் இடமாகும். அடுப்பு ஆறியிருக்கும் நாளில் ஒரு வாளி நீரைக் குழாயைச் சுற்றிக் கூரைமேல் ஊற்றிப் பார்த்தல் மாரிக்கு முன் செய்யவேண்டிய சோதனை.

இடைவெளிகளை அடைத்தோம் என்று குசினி யன்னல்களையும் அடைத்துவிடாதீர்கள். நெருப்புக்கும் மனிதருக்கும் புதுக்காற்று வேண்டும்.

பராமரிப்பின் அவசியம்

புகையில்லா அடுப்பு நம் பிரதேசங்களுக்குப் புதியதன்று. ஐதராபாத்திலே எஸ். பி. ராஜு என்பார் வகுத்த புகைக்குழாய் அடுப்பு 1950களிற் பலராலும் பேசப்பட்டது. பின்னர் இந்திய அரசாங்கமும் பெருந்தொகையான அடுப்புகளை வழங்கிற்று. ஆயினும் ஒரிசா மாநிலத்தில் இத்தகைய அடுப்புகள் பெற்ற குடும்பங்களை நான்காண்டு காலம் அவதானித்து, 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று நமக்குப் பாடமாக வேண்டும். முதலாண்டில் வீட்டார் சுவாசித்த புகை குறைந்தது. பின்வந்த ஆண்டுகளில் அப்பயன் இல்லாதொழிந்தது. மக்கள் அடுப்பை ஒழுங்காக உபயோகியாமையும், பழுதுபார்த்துப் பேணாமையுமே இதற்குக் காரணமென ஆய்வாளர் கண்டனர். வெடித்த சாந்தும் அடைபட்ட குழாயுமுள்ள நல்ல அடுப்பு, குழாயில்லாத அடுப்புக்கு எவ்விதத்திலும் மேலானதன்று.

ஆகவே ஆண்டில் இருமுறை, அறுவடைக்கு முன் மார்கழியிலும் மாரிக்கு முன் புரட்டாதியிலும், எல்லாப் பொருத்துகளையும் பார்வையிடுக. குழாயின் உட்புறத்தைக் கயிற்றிற் கட்டிய தும்புக் கட்டினால் மாதமொருமுறையும், நெல் அவிக்கத் தொடங்குமுன் தவறாமலும் துப்புரவாக்குக. உள்ளே படிந்த கரியும் கீலும் தடித்தால் அவையே தீப்பற்றும். பச்சை விறகும் ஈர ஊமலும் கீலை மிகுவிக்கும். நன்கு உலர்ந்தவற்றையே எரிக்க.

ஓர் ஐயம்

புகை ஓலைக்கூரையைக் கறையானிலிருந்து காக்கின்றது, அடுப்புக்கு மேற் கட்டிய விதைகளைப் பூச்சியிலிருந்து காக்கின்றது. அதனை வெளியேற்றுதல் நட்டமன்றோ எனக் கமக்காரர் சிலர் வினவுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அதே புகையை வீட்டார் தம் நெஞ்சினுள்ளும் ஏற்றுக்கொள்கின்றனர். விதையைக் காக்க வேறு வழி உண்டு. விதை நெல்லை ஈரப்பதன் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்படாதவாறு காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத கொள்கலத்தில் இட்டு மூடினால் அது பழுதின்றி இருக்கும். ஓலைக்கூரையை முன்னையிலும் அடிக்கடி பார்வையிட்டு, கறையான் புற்றுகளை உடனுக்குடன் நீக்கிவரல் வேண்டும். ஓலையை மாற்றலாம், நுரையீரலை மாற்ற முடியாது.

கமக்காரர்களே! இவ்வேலைக்கு வேண்டிய களி, மணல், உமிச் சாம்பல், சாணம் ஆகியவை உங்கள் வளவிலும் வயலிலும் உள்ளவை. வேலையோ இரண்டொரு நாட்களுக்குரியது. எரியாப் பொருளால் அடைக்க வேண்டிய இடத்தை இறுக அடையுங்கள். எரியும் பொருளிலிருந்து விலக்க வேண்டிய இடத்தை ஒன்றரை அடி விலக்குங்கள். ஆண்டில் இருமுறை பார்வையிடுங்கள். அடுத்த நெல் அவிப்புக்கு முன் இம்மூன்றையும் செய்து முடித்தல் உங்கள் குடும்பத்தாரின் உயிருக்கும் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த நெல்லுக்கும் காவலாகும்.